மேசைமேல் ஏறிய தாங்கியும் மேசைக்கு வராத மண்ணும்

விளையாட்டுப் பொருள் ஒன்றைப் பற்றி அரசியற் பத்திரிகையில் எழுதுவது தகுமா என்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். காணிப் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? நெல்லுக்கு நியாயமான விலை கிடைத்துவிட்டதா? காணாமற்போனோரைத் தேடும் தாய்மாருக்கு விடை சொல்லியாகிவிட்டதா? இத்தனையும் இருக்க, ஒரு பையனுடைய பொம்மையைப் பற்றிப் பேச என்ன அவசரம் வந்தது என்று அவர்கள் கேட்பது நியாயமே. ஆயினும் நாம் எழுதப் புகுந்தது அந்தக் காணியைப் பற்றியுந்தான். சற்றுப் பொறுமையோடு வாசிக்கும்படி வேண்டிக்கொள்கிறோம்.

நடந்தது இது. இலண்டனிற் பிறந்து வளர்ந்த எம் மருமகன், பதினைந்து வயதுப் பையன், பாடசாலை விடுமுறைக்குக் கிளிநொச்சி வந்தான். அவனுடைய பயணப் பெட்டியிலே உடுப்புக்களின் நடுவே ஒரு கடதாசிப் பெட்டி இருந்தது. அதனுள்ளே ‘டி-55’ என்னும் உருசியப் போர்த் தாங்கியின் சிறு மாதிரி, துண்டு துண்டாகப் பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. இத்தகைய தாங்கிகளைப் பொருத்தி, வர்ணம் பூசி, ஒத்த தோழருடன் மேசைமேற் பரப்பிப் பகடை உருட்டிப் போர் நடத்துவது அவனுடைய பொழுதுபோக்காம். பசையை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள் என்று அதை மட்டும் இங்கே ஒரு கடையில் வாங்கினான். வீட்டில் இடம் போதாமையால் எம் அலுவலகத்தின் நீண்ட மேசையிற் பாதி அவன் வசமாயிற்று. வழக்குக் கட்டுகள் மறுபாதிக்கு ஒதுங்கின.

ஒரு கிழமை அவனுடைய வேலையை நாம் பார்த்திருந்தோம். உண்மையைச் சொன்னால் வியந்தோம். சட்டத்திலிருந்து துண்டுகளை வெட்டி எடுத்து, பிசிறை அரத்தால் உராய்ந்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தே ஒட்டினான். பக்கத்துக்கு ஐந்து சில்லுகள். முதலாஞ் சில்லுக்கும் இரண்டாஞ் சில்லுக்கும் இடையில் மட்டும் இடைவெளி சற்று அகன்றிருக்க வேண்டும். அது பிழைத்தால் இது டி-55 ஆகாது என்றான். சங்கிலிப் பாதையில் பக்கத்துக்கு ஏறக்குறைய 90 கண்ணிகள். அவற்றை எண்ணிக் கோத்தான். அடிப்பூச்சு, அதன்மேற் பச்சை, பின்பு தண்ணீராகக் கரைத்த கபில நிறத்தை வழியவிட்டு மூலை முடுக்குகளிற் படியச் செய்தல், அது காய்ந்தபின் ஈரம் துடைத்த தூரிகையால் விளிம்புகளை மெல்ல வருடி வெளிறச் செய்தல், பஞ்சுத் துண்டால் ஆங்காங்கே ஒற்றி வர்ணம் உரிந்த தோற்றம் உண்டாக்கல் என்று எத்தனையோ முறைகள். நீதிமன்றத்தில் உறுதி ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசிக்கும் பழைய பிரக்கிராசிமாரின் நுணுக்கத்தை அவனிடம் கண்டோம்.

கடைசி வேலை சங்கிலிக்குச் சேறு பூசுவது. உண்மையான மண்ணை இடித்து அரித்துப் பொடியாக்கிப் பூசினால் நன்றாயிருக்கும் என்றான். “மாமா, இங்கத்தை மண் என்ன நிறம்?” என்று எம்மைக் கேட்டான்.

கேள்வி எளியது. விடை எளியதன்று. எந்த மண்ணை அவன் கேட்கிறான்? வீட்டு முற்றத்துச் செம்மண்ணா, குளத்தின் கீழ் வயலிலே காய்ந்தாற் பாளம் பாளமாக வெடிக்கும் களிமண்ணா, முல்லைத்தீவுக் கரையின் வெண்மணலா, ஆனையிறவின் உப்புப் பூத்த தரவையா? தாங்கி எவ்வழியே வந்தது என்று தெரிந்தாலன்றோ சங்கிலியில் எந்த மண் ஒட்டும் என்று சொல்லலாம்? இதை நாம் அவனிடம் விரித்துக்கொண்டிருந்த வேளையில், எல்லை வழக்கொன்றுக்காக வந்து வாங்கில் அமர்ந்திருந்த எம் கட்சிக்காரர் ஒருவர் எழுந்து மேசையருகே வந்தார். முல்லைத்தீவு மாவட்டத்திலே ஒரு சிறு குளத்தின் கீழ்க் கமஞ்செய்பவர். எழுபது வயதைத் தாண்டியவர். தாங்கியைக் கையில் எடுக்கவில்லை, குனிந்து பார்த்தார்.

“உது வயலுக்குள்ளை இறங்கினால் வரம்பு எங்கை மோனை நிக்கும்?” என்று கேட்டார்.

பையன் தயங்கினான். தங்கள் மேசையில் வயலுக்குப் பச்சைத் துணி விரிப்பதாகவும் அதில் வரம்பு வைப்பதில்லை என்றும் தனக்குத் தெரிந்த தமிழிற் சொன்னான்.

“எங்கடை வயலிலையும் பிறகு வரம்பு இல்லை” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வாங்குக்குத் திரும்பினார்.

இந்த ஒரு வசனம் எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிற்று.

மேசைப் போர் இன்று தோன்றிய விளையாட்டன்று. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையின் பெயரைத் தாங்கிய சதுரங்கம் இந்திய மண்ணிலே பிறந்தது. அது உலகைச் சுற்றி ஐரோப்பா சென்றது. அங்கே பிரசியாவில் றைஸ்விற்ஸ் என்னும் பிரபு ஒருவர், கட்டங்கள் வரைந்த பலகை போதாதென்று கருதி, 1812-ம் ஆண்டில் தம் அரசனுக்கு ஒரு மேசை செய்து கொடுத்தார். அம்மேசையிலே ஆறு, வீதி, காடு, கிராமம் யாவும் புடைத்து நிற்கும்படி சாந்தினால் வார்த்து வர்ணமிட்ட ஓடுகள் இருந்தன. அவற்றை வேண்டியவாறு அடுக்கி வேண்டிய நிலத்தை ஆக்கலாம். படைகளோ வெறும் பீங்கான் கட்டைகள். வாசகர் இதைக் கவனிக்க வேண்டும். முதன்முதற் செய்த போர் மேசையிலே நிலம் நிலம்போல இருந்தது. படைதான் கட்டையாக இருந்தது. அவருடைய மகன் 1824-ல் அதை நிலப்படத்தின்மேல் ஆடத்தக்கதாக மாற்றிப் பிரசியப் படையதிகாரிகளுக்குப் பயிற்சியாக்கினார். இன்றைய மேசையில் இந்த ஒழுங்கு தலைகீழாகிவிட்டது. தாங்கியிலே ஆணியின் தலைகூடக் குறையக்கூடாது. நிலமோ ஒரு துணி.

ஆங்கில எழுத்தாளர் எச். ஜீ. வெல்ஸ் 1913-ல் ‘சிறு போர்கள்’ என்ற நூலை எழுதி, பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் விளையாட்டுக்கு விதிகள் வகுத்தார். உண்மைப் போர் எத்துணை மடமையானது என்பதை இவ்விளையாட்டே விளக்கும் என்பது அவர் எண்ணம். அடுத்த ஆண்டே முதலாம் உலக யுத்தம் மூண்டது. அதற்குப் பத்தாண்டு முன்னர், 1903-ல், நிலத்தில் ஊர்ந்து செல்லும் இரும்புக் கப்பல்களைக் கற்பனை செய்து கதை எழுதியவரும் அதே வெல்ஸ்தான். தாங்கி பிறக்கு முன்பே தாங்கியை எழுதியவரும் பொம்மைப் போருக்கு விதி எழுதியவரும் ஒருவரே என்பது விந்தையான பொருத்தம்.

தாங்கி பிறந்த கதையைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று. ஏனெனில் அது அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட பொருள். கலிபோர்னியாவிலே ஸ்டொக்டன் நகரைச் சூழ்ந்த மெத்தென்ற சேற்று நிலத்தில் நீராவி உழவு இயந்திரங்களின் சில்லுகள் புதைந்து போயின. சில்லை எத்தனை அகலமாக்கினும் பயனில்லை. பெஞ்சமின் ஹோல்ற் என்பவர் 1904-ல் சில்லுக்குப் பதிலாக ஓயாது சுழலும் சங்கிலிப் பாதையைப் பூட்டி ஓட்டினார். இயந்திரம் புதையாமல் ஊர்ந்தது. பாரத்தைப் பரப்பித் தாங்கினால் சேறு தாங்கும் என்பதே அதன் சூட்சுமம். மாரியில் வயலில் இறங்கி உழவு இயந்திரம் இறுகிய எவரும் அதன் அருமையை உடனே உணர்வர். யுத்தம் மூண்டதும் அவ்வியந்திரங்கள் பீரங்கி இழுக்கப் போயின. 1915-ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்திலே முதலாவது தாங்கியைச் செய்து கொடுத்த வில்லியம் பொஸ்ரர் கம்பனி, அதுவரை கமத்தொழில் இயந்திரங்கள் செய்துவந்த கம்பனி. 1916 செப்டெம்பர் 15-ல் பிரான்சின் சொம் போர்முனையில் தாங்கிகள் முதன்முறையாக இறங்கின. இறங்கிய இடமும் ஒரு காலத்தில் வயலாக இருந்த நிலமே.

உடல் உழவனிடமிருந்து வந்தது. பெயர்? இரகசியம் வெளியாகாதிருக்க, செய்யப்படுவது தண்ணீர் கொண்டுபோகும் வண்டி என்று தொழிலாளருக்குச் சொல்லிவைத்தார்கள். தண்ணீர் கொள்ளும் கலத்துக்கு ஆங்கிலத்தில் ‘டாங்க்’ என்று பெயர். அந்த மறைபெயரே நிலைத்துவிட்டது. அச்சொல்லின் வேரை ஆராய்ந்தோர் போர்த்துக்கேயரின் மொழியையும் குசராத்தி போன்ற இந்திய மொழிகளையும் காட்டுகின்றனர். இந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்ட ஆங்கிலேயர் குளத்தை ‘டாங்க்’ என்றே எழுதினர். இரணைமடுக் குளத்துக்கும் வவுனிக்குளத்துக்கும் முத்தையன்கட்டுக் குளத்துக்கும் அரசாங்கப் பதிவேடுகளில் இன்றும் ஆங்கிலப் பெயர் அதுதான். எம் மருமகனே இதிற் சறுக்கினான். கைத்தொலைபேசியின் நிலப்படத்தில் ‘இரணைமடு டாங்க்’ என்றிருப்பதைக் கண்டு, அங்கே பழைய போர்த் தாங்கி ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று நம்பி, சைக்கிளில் வெயிலோடு போய்க் கட்டிலேறி நின்று பார்த்திருக்கிறான். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்.

நாம் சிரித்தோம். பின்பு யோசித்தோம். தமிழிலும் நாம் இரண்டையும் ஒரே சொல்லால் அன்றோ அழைக்கிறோம்? நீர்த் தாங்கியும் தாங்கி. போர்த் தாங்கியும் தாங்கி. வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி இளைப்பாற எம் முன்னோர் தெருவோரம் நாட்டிய கல் சுமைதாங்கி. கருவுற்றிருந்த நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அக்கல்லை நாட்டுவது வழக்கம். தாங்குவது என்ற நல்ல வினை எவ்வளவு தூரம் இழுபட்டுப் போயிற்று!

கிளிநொச்சி நகரத்தின் பெரிய நீர்த் தாங்கியை வாசகர் பலர் கண்டிருப்பர். போரின் கடைசிக் கட்டத்தில் அது அடியோடு சரிந்தது. 2009 ஜனவரி 2-ல் நகரம் அரசாங்கப் படையிடம் வீழ்ந்த பின்னர், அக் கொங்கிறீற்று உடல் கிடந்தபடியே காட்சிப் பொருளாக்கப்பட்டது. அருகிலே நினைவுப் பொருட்கடையும் எழுந்தது. தென்னிலங்கையிலிருந்து பேருந்துகளில் வந்தோர் அதன் முன் நின்று படம் எடுத்தனர். வடக்கே ஆனையிறவில், ஏ-9 வீதியோரம் இன்னொன்று நிற்கிறது. 1991 ஜூலையில் அங்கிருந்த முகாமை உடைக்கப் புலிகள் ஓட்டிச் சென்ற, இரும்புத் தகடு போர்த்த மண்வாரி இயந்திரம் அது. அதைத் தடுத்து உயிரிழந்த காமினி குலரத்ன என்னும் படைவீரருக்கு நினைவுச் சின்னமாக அதை வைத்திருக்கிறார்கள். கடையிற் பெட்டி வாங்கிச் செய்த தாங்கியன்று. பட்டறையில் ஒட்டிச் செய்த தாங்கி. 1993 நவம்பரிலே பூநகரி முகாம் தாக்கப்பட்டபோது மெய்யான டி-55 தாங்கிகளும் கைமாறின. ஆகவே வன்னிக்குத் தாங்கி புதிதன்று. முழு அளவிலே கண்டவர்கள் நாம்.

ஆனாலும் அந்த மண்வாரியின் முன் நிற்கும் பயணி எதை அறிகிறார்? இரும்பின் கனத்தை அறிகிறார். ஒருவருடைய துணிவை அறிகிறார். மண்ணை வாரிக் கட்டு உயர்த்தவும் வாய்க்கால் வெட்டவும் ஆக்கிய இயந்திரம் இது என்றோ, அது நிற்கும் இடத்தைச் சுற்றிலும் உப்பளத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் இருந்தன என்றோ அறிய அங்கே என்ன இருக்கிறது? மேசையில் நாம் கண்ட அதே குறை வீதியோரத்திலும் இருக்கிறது. இயந்திரத்துக்கு நினைவு உண்டு. நிலத்துக்கு இல்லை.

இவ்விடத்தில் எம் நண்பர் ஒருவரின் ஆட்சேபத்தைக் கூற வேண்டும். அவர் ஆசிரியர், போரிலே மாணவரைப் பறிகொடுத்தவர். “வன்னி வீட்டுக்குள் போர்ப் பொம்மையே வரக்கூடாது; அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் பையனுக்குக் கிரிக்கெற் மட்டை வாங்கிக் கொடுங்கள்” என்றார். அவருடைய துயரத்துக்கு நாம் தலை வணங்குகிறோம். அவருடைய தீர்ப்பை ஏற்க முடியவில்லை. பிள்ளைகள் தாம் காண்பதையும் கேட்பதையும் விளையாடுவர். எம் சிறுவயதில் நுங்குக் கோம்பையில் வண்டி உருட்டிய நாமே, அம்மம்மாவின் தையற் பெட்டியிலிருந்து நூற்கட்டையைத் திருடி, விளிம்பைப் பல்லுப் பல்லாக வெட்டி, இறப்பர் நாடாவை முறுக்கி விட்டு, புத்தகங்களின்மேல் ஏறி இறங்கும் தாங்கி செய்தோம். எவரும் சொல்லித்தரவில்லை, வானிலே குண்டு விமானம் பறந்த காலம் அது.

வேறொரு நினைவையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறோம். இப்பொழுதுபோக்கில் உலகெங்கும் வழங்கும் 35-ல் ஒரு பங்கு என்னும் அளவுத்திட்டம் எப்படி வந்தது தெரியுமா? யப்பானின் தமியா கம்பனி 1961-ல் ஜெர்மனியரின் ‘பாந்தர்’ தாங்கிக்கு மாதிரி செய்தபோது, அதற்குள் மோட்டாரையும் மின்கலங்களையும் வைக்க வேண்டியிருந்தது. மின்கலங்கள் உள்ளே கொள்ளும்படி தாங்கியின் பருமனை வகுத்தனர். அளந்து பார்த்தால் 35-ல் ஒன்று வந்தது. மின்கலத்தின் அளவே தாங்கியின் அளவைத் தீர்மானித்தது. நாமோ 1990-களிலே பொருளாதாரத் தடையின் கீழ் வன்னியில் வளர்ந்தவர்கள். தடைசெய்த பொருட்களின் பட்டியலில் மின்கலம் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கிலே சோதனைக்குப் படித்தோம். அந்நாளில் மின்கலம் வைத்த பொம்மைத் தாங்கி எவரிடமும் இல்லை. மெய்த் தாங்கிக்கு மட்டும் எரிபொருள் இருந்தது.

எனவே பொம்மையை எறிவதால் ஒன்றும் மறையாது. மறுபுறம், தொலைபேசியிலே பேசிய பையனுடைய தகப்பனார் சொன்ன சமாதானமும் எமக்குப் போதவில்லை. “அது வெறும் இயந்திரந்தானே, அதிலை என்ன அரசியல்?” என்றார். இயந்திரத்தில் இல்லாமற் போகலாம். எதை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்பதிலே அரசியல் இருக்கிறது. தாங்கியின் கண்ணிகளைத் தொண்ணூறு என்று எண்ணுகிறோம். அவர்கள் ஆடும் விளையாட்டுக்களிற் பெரும்பாலானவற்றின் விதிப் புத்தகத்தில் காலாளுக்கு எண் உண்டு, பீரங்கிக்கு எண் உண்டு. மூட்டையோடும் பிள்ளைகளோடும் வீதியில் நடப்பவர்க்கு எண் இல்லை. 2009-ல் வன்னியில் இறந்த பொதுமக்கள் எத்தனை பேர்? ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு, 40,000 வரை இருக்கக்கூடும் என்பதைத் தள்ளிவிட முடியாது என்று 2011-ல் அறிக்கையிட்டது. அந்த எண்ணே இன்றளவும் வழக்காடும் பொருளாக இருக்கிறது.

இனிப் பெரியவருடைய வரம்புக்கு வருவோம். பையனையும் இருத்தி ஒரு கணக்குப் போட்டோம். அவனுடைய தாங்கி 72-ல் ஒரு பங்கு அளவுடையது. மெய்யான டி-55 தாங்கியின் உடல், குழாயை நீக்கி, ஏறத்தாழ ஆறரை மீற்றர். மாதிரி ஒன்பது சென்ரிமீற்றர். இதே அளவுத்திட்டத்தில் நிலத்தையும் வைத்தால் என்னாகும்? சதுரமான ஓர் ஏக்கர் வயல் பக்கத்துக்கு 88 சென்ரிமீற்றர் வரும். அவர்கள் வழக்கமாக ஆடும் ஆறடிக்கு நாலடி மேசையில் மூன்று ஏக்கரும் கொள்ளாது. ஒரு மைல் நீளமான குளக்கட்டை வைக்க 73 அடி வேண்டும். எம் அலுவலகத்தை இடித்து வெளியே போக வேண்டும். இதனாலேயே விளையாடுவோர் நிலத்தை மட்டும் வேறு அளவிற் சுருக்கிக்கொள்கிறார்கள். தாங்கி தன் அளவில் நிற்கும். ஒரு வீட்டை வைத்து அதை ஒரு கிராமம் என்பார்கள். இரண்டு மரத்தை வைத்து அதைக் காடு என்பார்கள். குற்றஞ் சொல்லவில்லை. மேசை சிறியது. ஆனால் சுருங்குவது எப்போதும் கிராமமாகவே இருக்கிறது என்பதைப் பையன் இதுவரை யோசித்ததில்லை, நாமும் யோசித்ததில்லை.

பின்பு கணக்கைத் திருப்பிப் போட்டோம். நில அளவைத் திணைக்களத்தின் பழைய கிராமப் படங்களிலே வழங்கிய அளவுத்திட்டம் நான்கு சங்கிலிக்கு ஓர் அங்குலம். காணி வழக்காடும் எவருக்கும் மனப்பாடமான அளவு. அதன்படி ஒரு மைல் 20 அங்குலம். அதே ஆறடி மேசையில் மூன்றரை மைலுக்குக் குறையாத நீளமும், இரண்டேகால் மைலுக்கு மேற்பட்ட அகலமும் கொண்ட நிலம் அடங்கும். ஒரு குளம், அதன் அலைகரைக் காடு, கட்டு, துருசு, வான், வாய்க்கால், கீழே வயல்கள், மேட்டுக்காணி, ஒழுங்கைகள், கோயில், பாடசாலை எல்லாம் அடங்கும். ஓர் ஏக்கர் வயல் ஒரு தபால் முத்திரை அளவுக்கு வரும். கட்டின் உயரந்தான் சங்கடம்; 20 அடிக் கட்டு 2 மில்லிமீற்றராகும். நில அளவையாளர் கோபிப்பாராயினும் உயரத்தை மட்டும் கூட்டிக்கொள்ளலாம்.

அந்த அளவில் அவனுடைய தாங்கி எவ்வளவு வரும் என்று கேட்டோம். பையன் கணக்கிட்டான். 2 மில்லிமீற்றர். குழாயையும் சேர்த்தால் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. எள்ளளவு.

இதைச் செய்வோமா என்று அவனைக் கேட்டோம். செய்வோம் என்றான். நாம் வாசகரிடம் வைக்கும் வேண்டுகோளும் இதுவே. வன்னியின் ஒவ்வொரு பாடசாலையிலும், ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும், ஒரு மேசையை ஒதுக்கி, அந்தந்தக் கிராமம் இடம்பெயர்வுக்கு முன் இருந்தபடி அளவுக்கு அமைய ஒரு மாதிரி செய்யுங்கள். தாங்கிக்குக் காட்டும் நுணுக்கம் முழுவதையும் வரம்புக்குக் காட்டுங்கள். இலண்டன், ரொறொன்ரோப் பிள்ளைகளிடம் தூரிகைக் கைப்பழக்கம் உண்டு. இங்குள்ள முதியோரிடம் நினைவு உண்டு. கமக்காரர் அமைப்புக்களிடம் வாய்க்காற் பட்டியல் உண்டு. எம்மைப் போன்ற சட்டத்தரணிகளிடமும் நில அளவையாளரிடமும் பழைய படங்கள் உண்டு. இந்நால்வரும் ஒரே மேசையைச் சுற்றி இதுவரை நின்றதில்லை.

சட்டம் அறிந்தவர்கள் உடனே ஒன்று கேட்பர். களிமண்ணால் ஆன மாதிரி உரித்தை நாட்டுமா? நாட்டாது. அதை நாம் ஒளிவு மறைவின்றிச் சொல்கிறோம். உறுதியின் இடத்தையும் அனுமதிப்பத்திரத்தின் இடத்தையும் அது பிடிக்காது. வன்னிக் காணிகளிற் பெரும்பகுதி காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கியவை. அப்பத்திரங்கள் பதுங்கு குழிகளிலும் வழியோரங்களிலும் எத்தனை தொலைந்தன என்பதை எம் அலுவலக வாங்கு அறியும். இடம்பெயர்ந்தோர் தம் காணியைக் காக்க முடியாதிருந்தனர் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2016-ம் ஆண்டின் 5-ம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை எண்ணி, அக்காலத்தில் பிறர் ஆண்டதை வைத்து உரித்து இழக்காதிருக்க விசேட ஏற்பாடு செய்தது. ஆனால் சட்டம் காலத்தைக் கழித்துத் தரும். எல்லைக் கல் எங்கே இருந்தது என்று சட்டம் சொல்லாது. அதைச் சாட்சியே சொல்ல வேண்டும். சாட்சிகள் எழுபதைத் தாண்டுகிறார்கள். காணிக் கச்சேரியிலே, “அந்தப் பெரிய மருதமரத்துக்கு இஞ்சாலை” என்று கைநீட்டும் முதியவருக்கு, மரமும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. மேசையில் அந்த மரத்தை நட்டு வைத்துக் கேட்டால் அவருடைய நினைவு சரளமாக வரும். அந்நினைவைத் திகதியிட்டு எழுதிக் கையொப்பம் வாங்குவது எங்கள் வேலை. அது வீண்போகாது.

இது எம் மூளையில் உதித்த புதுமை என்று மார்தட்டவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஓவியர் தா. சனாதனன் 2011-ல் ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்று பொருள்படும் ஒரு நூலைச் செய்தார். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு என்பதை வாசகர் அறிவர். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து கீற, அதைக் கட்டட வரைஞர் திருத்தமாகக் கீற, ஓவியர் தம் படத்தைச் சேர்த்தார். வீட்டுக்குச் செய்ததை வயலுக்கும் குளத்துக்கும் செய்யலாமே என்பதுதான் எமது துணிவு. 2017-ல் கேப்பாப்புலவு மக்கள் படையினர் வசமிருந்த தம் காணிகளுக்காக வீதியோரம் நாட்கணக்கில் இருந்தபோது, வேலிக்கு அப்பால் எவருடைய வீடு எங்கே நின்றது என்பதைக் காட்டும் ஒரு மேசை அவர்கள் பக்கத்தில் இருந்திருந்தால், வந்து பார்த்த தூதுவர்களுக்கும் பத்திரிகையாளருக்கும் எவ்வளவோ விளங்கியிருக்கும்.

எம் அலுவலக மேசையில் வேலை தொடங்கிவிட்டது. பழைய படம் ஒன்றை வைத்து அடிப்பலகையிற் கோடு கீறியாயிற்று. குளத்தின் கட்டு எழுந்துவிட்டது. பசையும் மரத்தூளும் கலந்து வைத்தான். மண் நிறத்துக்கு இனி எம்மைக் கேட்பதில்லை. பெரியவர் வயலிலிருந்து ஒரு பொலித்தீன் பையில் கொண்டுவந்து கொடுத்த களிமண்ணையே காயவைத்து அரிக்கிறான். தண்ணீருக்கு என்ன வர்ணம் என்பதில் இருவருக்கும் தர்க்கம். பையன் நீலம் என்கிறான். பெரியவர், மார்கழியில் ஒரு நிறம், ஆவணியில் ஒரு நிறம், எந்த மாதத்துக்குக் கேட்கிறாய் என்கிறார். டி-55 அலுமாரியின்மேல் ஏறிவிட்டது. அதன் சங்கிலிக்கு இன்னும் சேறு பூசப்படவில்லை.

ஓர் இடத்தில் மட்டும் நிற்கிறோம். இரண்டாவது துருசு பழைய படத்தில் இல்லை. படம் கீறியபின் கட்டியதாம். அது கட்டின் எந்தப் பக்கம் இருந்தது என்பதில் பெரியவருக்கும் அவருடைய தமக்கையாருக்கும் கருத்து வேற்றுமை. தமக்கையார் வவுனியாவில் மகளோடு இருக்கிறார், நடக்க இயலாதவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை அடிப்பலகையை வானில் ஏற்றிக்கொண்டு அவரிடம் போகிறோம்.